டி-சட்டையும் அரைக்கால்சட்டையுமாக வந்திருக்கிறோம்: சிங்கப்பூரில் நல்ல ஸ்டேக் எங்கே கிடைக்கும்?

கோவைப் பயணி (புதன், இரவு 10:12)

வணக்கம். நானும் மனைவியும் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வந்திருக்கிறோம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம். கைப்பைக்கு மட்டும் இடம் தரும் மலிவு விமானச் சீட்டு என்பதால் பெட்டியில் இருப்பதெல்லாம் டி-சட்டைகள், முட்டி வரை வரும் கால்சட்டைகள், ஒரு ஜீன்ஸ், கேன்வாஸ் காலணி. மனைவியிடம் பருத்திச் சல்வார்கள் இருக்கின்றன.

சனிக்கிழமை எங்கள் திருமண நாள். இருவருக்கும் ஒரே ஆசை, உருப்படியான ஸ்டேக். ஊரில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் எருமை இறைச்சி. அதுவும் மெல்லிய துண்டு, அதன் மேல் இறைச்சியே தெரியாத அளவுக்கு மிளகுக் குழம்பு. வெளிநாடு வந்தும் அதையே சாப்பிட மனமில்லை.

நேற்று ஒரு பெரிய ஹோட்டல் உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலிலேயே என் அரைக்கால்சட்டையைப் பார்த்துவிட்டு, பணிவாகத்தான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவியின் முகம் வாடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழிக்கத் தயார். இறைச்சி முதல்தரமாக இருக்க வேண்டும். உடைக்காக யாரும் எங்களை ஏற இறங்கப் பார்க்கக் கூடாது. வழி சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாணி (புதன், இரவு 10:31)

திருமண நாள் வாழ்த்துகள்! நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து முஸ்தபா என்ற பெரிய பலசரக்கு அங்காடி நடந்தே போகும் தூரம். இரவு வெகுநேரம் திறந்திருக்கும். காலர் வைத்த சட்டை ஒன்றும் நீளக் கால்சட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த வாசலிலும் உங்களை நிறுத்த மாட்டார்கள்.

தெம்பனிஸ் தம்பி (புதன், இரவு 10:40)

வாணி அக்கா, அந்தப் பணத்தை இறைச்சியில் போட்டால் ஒரு தரம் உயர்ந்த துண்டு கிடைக்குமே. விடுமுறைக்கு வந்தவர் எதற்காக அந்நிய உடை வாங்கிப் போட்டுக்கொண்டு வேர்க்க வேண்டும்?

அண்ணன், ஆஸ்டன்ஸ் போய்ப் பாருங்கள். 2005இல் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஒரு காப்பிக் கடைக்குள் தொடங்கியது. இன்று பல கடைத்தொகுதிகளில் இருக்கிறது. ஸ்டேக்குடன் துணை உணவு இரண்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள், தேசிய சேவையாளர்கள் (கட்டாய ராணுவச் சேவையில் இருப்பவர்கள்), குடும்பங்கள் என்று எல்லாரும் டி-சட்டையில்தான் வருகிறார்கள். 200 வெள்ளியில் பாதிகூடச் செலவாகாது.

கரிநெருப்பு (புதன், இரவு 11:05)

தம்பி, ஆஸ்டன்ஸ் வாரநாள் இரவுக்கு நல்ல இடம்தான். மறுக்கவில்லை. ஆனால் இவர் திருமண நாளுக்குக் கேட்கிறார், கையில் 200 வெள்ளியும் இருக்கிறது. இன்னும் மேலே போகலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மேசைக் கேப்டன் (வியாழன், காலை 7:20)

பரிமாறுபவனாக வேலைக்குச் சேர்ந்து, மேசைக் கேப்டனாக ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுவதும் ஹோட்டல் உணவகங்களில்தான் கழிந்தது. உடை விஷயத்தில் பயணிகள் வீணாகக் கலங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாசலில் நிற்பவர் முதலில் பார்ப்பது காலைத்தான். ஆண்கள் ரப்பர் செருப்போ விரல் தெரியும் செருப்போ போட்டிருந்தால், நல்ல ஹோட்டல்களில் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். அடுத்தது அரைக்கால்சட்டை. மூன்றாவது கையில்லாத பனியன் சட்டை. டி-சட்டை இந்த வரிசையில் எங்கேயோ கடைசியில்தான் வரும். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருக்கும் இடங்களில் கிழிசல் இல்லாத ஜீன்ஸ், மூடிய காலணி, பெரிய எழுத்தும் படமும் இல்லாத சுத்தமான டி-சட்டை ஆகியவற்றுடன் வந்த எத்தனையோ பேரை நானே மேசைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். கோட்டும் டையும் கட்டாயம் என்ற காலம் இந்த ஊரில் என்றோ போய்விட்டது. வெளியே 31, 32 டிகிரி, காற்றிலும் ஈரம். யார் கோட்டு போடுவார்கள்?

ஆகவே, கோவைத் தம்பி, உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஜீன்ஸும் கேன்வாஸ் காலணியுமே முக்கால்வாசிக் கதவுகளைத் திறந்துவிடும். உங்கள் மனைவியின் பருத்திச் சல்வாருக்கு எங்கும் தடை கிடையாது. மரினா பே சேண்ட்ஸில் உள்ள 'கட்' ஸ்டேக் உணவகம் போன்ற உயர்தர இடங்களுக்குப் போவதானால் முன்பதிவின்போதே உடை பற்றித் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். "எங்களிடம் ஜீன்ஸும் டி-சட்டையும்தான் இருக்கின்றன, பரவாயில்லையா?" என்று தொலைபேசியில் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. கேட்டுவிட்டு வருபவர்களை நாங்கள் எப்போதும் மதிப்போடுதான் பார்த்தோம்.

இன்னொன்று, பல ஸ்டேக் உணவகங்களில் பார் பகுதி தனியாக இருக்கும். அங்கே கெடுபிடி குறைவு. அதே அடுப்பில் வெந்த அதே இறைச்சிதான் அங்கும் வரும். நண்பகல் நேரத்திலும் இறுக்கம் குறைவு, விலையும் குறைவு.

கரிநெருப்பு (வியாழன், காலை 9:48)

உடையைப் பற்றிக் கேப்டன் ஐயா தீர்த்துச் சொல்லிவிட்டார். நான் தட்டுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பதில்லை. எல்லாமே கப்பலிலோ விமானத்திலோ வருவதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், தென் அமெரிக்கா என்று எல்லா நாட்டு இறைச்சியும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். புல் தின்ற மாட்டின் இறைச்சியில் வாசம் தூக்கலாக இருக்கும், கொழுப்பு குறைவு. தானியம் தின்றதில் கொழுப்பு இழையோடும், மென்மை கூடும். அமெரிக்க இறைச்சியில் 'பிரைம்' மேல்தரம், 'சாய்ஸ்' அதற்கு அடுத்தது. ஜப்பானிய ஏ5 வாக்யூவை (வாக்யூ அந்நாட்டு மாட்டினம், ஏ5 அதில் மிக உயர்ந்த தரம்) பெரும்பாலும் 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை போட்டு விற்பார்கள். வெண்ணெயாகக் கரையும் என்பது உண்மைதான். ஆனால் ஆளுக்கு 100 கிராம் தாண்டினால் திகட்டிவிடும். ஸ்டேக்கைக் கடித்து மென்று ருசிக்க ஆசைப்படுபவர் முதலில் அதைத் தேடிப் போக வேண்டாம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தடிமன். உங்கள் ஊர்த் துண்டு ஏமாற்றியதற்குக் காரணம் எருமை என்பதல்ல, மெல்லியது என்பதுதான். ஒரு சென்டிமீட்டர் துண்டில் வெளியே பொன்னிறமாக முறுகுவதற்குள் உள்ளே முழுவதும் வெந்து சாம்பல் நிறமாகிவிடும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் வெளியே முறுகலும் உள்ளே ஈரச் சிவப்பும் ஒரே துண்டில் கிடைக்கும். அதனால் ஆளுக்கொரு சிறிய ஸ்டேக் வாங்காதீர்கள். இருவருக்கும் சேர்த்து எலும்போடு கூடிய பெரிய ரிப்ஐ (விலாப் பகுதித் துண்டு) ஒன்று, 500 அல்லது 600 கிராம் அளவில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதே பணத்தில் கிடைக்கும் அனுபவம் வேறு.

இடங்கள் சொல்கிறேன். டெம்ப்சியில் ஹியூபர்ஸ் கசாப்புக்கடை. அதை ஒட்டியே அவர்களுடைய உணவகம். இறைச்சி விற்பவர்களே சமைத்தும் தருகிறார்கள். சிறுவர் விளையாட்டிடம் இருப்பதால் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கும். உங்கள் அரைக்கால்சட்டையை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே டெம்ப்சியில் பர்ன்ட் எண்ட்ஸும் இருக்கிறது. மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது. நான்கு டன் எடையுள்ள செங்கல் அடுப்பில் விறகு எரித்துச் சமைக்கிறார்கள். நெருப்பைப் பார்த்தபடி கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் சனிக்கிழமைக்கு இப்போது இடம் கிடைப்பது கடினம், 200 வெள்ளிக்குள்ளும் அடங்காது.

செலவைக் குறைக்க வேண்டுமானால் தஞ்சோங் பகார் சாலையில் தி ஃபெதர் பிளேட். மாட்டின் தோள்பட்டையிலிருந்து எடுக்கும் துண்டு அவர்களின் சிறப்பு. அந்தப் பகுதியின் மென்மை, மாட்டிலேயே மிக மென்மையான டெண்டர்லாயின் துண்டுக்கு அடுத்தபடியாக வரும், சுவையோ அதைவிட அதிகம். விலை ரிப்ஐயைவிட மிகவும் குறைவு. இளைஞர்கள் டி-சட்டையில் வந்து குவியும் இடம்.

நாகூர்ப் பேத்தி (வியாழன், காலை 11:15)

இதைப் படிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மேலே சொன்னவற்றில் எதை நம்புவதற்கு முன்பும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) வழங்கும் ஹலால் சான்றிதழ் அந்தக் கிளைக்கு உண்டா என்று பாருங்கள். முயிஸ் இணையத்தளத்தில் கடைப் பெயரைப் போட்டுத் தேடலாம். "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்ற அறிவிப்பு ஹலால் சான்றிதழ் ஆகாது. வெளிநாட்டிலிருந்து வரும் என் உறவினர்கள் அந்த அட்டையைப் பார்த்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மாடு எப்படி அறுக்கப்பட்டது என்பது பற்றி அந்த அட்டை எதுவும் சொல்வதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரு கிளை சான்றிதழ் பெற்றிருக்கும், இன்னொன்று பெற்றிருக்காது. கிளை கிளையாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

கம்போங் கிளாம் பக்கம் நடந்தால் ஹலால் ஸ்டேக் தரும் சிறிய உணவகங்கள் கண்ணில் படும். சாப்பிட்டு முடித்துப் புஸ்ஸோரா தெருவில் உலாவலாம், பள்ளிவாசலின் பொன் குவிமாடம் எதிரிலேயே இருக்கும். உடையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஈப்போ மைந்தன் (வியாழன், பிற்பகல் 1:30)

எல்லாரும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போகிறீர்கள். சிங்கப்பூருக்கே உரிய ஸ்டேக் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே! ஹைனான் சீனர்களின் ஸ்டேக்கைத்தான் சொல்கிறேன்.

ஹைனான்காரர்கள் இங்கே மற்றச் சீனச் சமூகத்தாருக்குப் பிந்தி வந்தார்கள். வாணிபமெல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் கையில். அதனால் பிரிட்டிஷ்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் படைமுகாம்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். துரைமார்களுக்குச் சமைத்துச் சமைத்துக் கற்ற கை. 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறிய காலகட்டத்தில் பலர் சொந்தக் கடை போட்டார்கள். ஜாக்ஸ் பிளேஸ் அதற்குச் சற்று முன்பே வந்தது. பிரிட்டிஷ் படையினருக்குச் சமைத்த ஹைனான் சமையல்காரர் 1960களில் தொடங்கியது. இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஸ்டேக்கும் சுட்ட உருளைக்கிழங்கும் சாப்பிட்டே ஒரு தலைமுறை பிறந்தநாள் கொண்டாடியது. உடைக் கட்டுப்பாடெல்லாம் அங்கே கிடையாது.

ஆர்ச்சர்ட் சாலையில் ஷாஷ்லிக் என்று இன்னொரு பழைய இடம். 1986இல் தொடங்கியது. டிராய்கா என்ற ரஷ்ய உணவகம் மூடப்பட்டபின் அங்கே வேலை பார்த்த ஹைனான்காரர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தினார்கள். போர்ஷ்ட் சூப்பும், மேசைக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியில் தீமூட்டிக் கொடுக்கும் பேக்ட் அலாஸ்கா இனிப்பும் இருக்கின்றன. நான் ஈப்போவிலிருந்து வரும்போதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போகாமல் திரும்புவதில்லை.

கரிநெருப்பு (வியாழன், பிற்பகல் 2:02)

வரலாற்றுக்குத் தலைவணங்குகிறேன், மைந்தன். ஆனால் இரும்புத் தட்டு ஸ்டேக்கின் மிகப் பெரிய எதிரி என்பதே என் எண்ணம். மேசைக்கு வந்தபிறகும் அது வெந்துகொண்டே இருக்கிறது. பாதி சாப்பிடுவதற்குள் மீதி விறைத்துவிடும். அதன்மேல் குழம்பையும் ஊற்றினால், இவர் ஊரிலிருந்து தப்பித்து வந்த அதே தட்டுக்குத்தான் திரும்புகிறார்.

ஈப்போ மைந்தன் (வியாழன், பிற்பகல் 2:20)

ஸ்டேக் என்றால் இறைச்சியின் தரம் மட்டும்தானா? ஒரு ஊருக்கு வந்தவர் அந்த ஊர் எப்படிச் சாப்பிட்டு வளர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். பெர்த்திலும் நியூயார்க்கிலும் கிடைக்கும் ரிப்ஐயை இங்கே வந்து சாப்பிடுவதில் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது?

மேசைக் கேப்டன் (வியாழன், மாலை 5:45)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரும்புத் தட்டில் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. விரும்பும் பதத்துக்கு ஒரு படி குறைவாகச் சொல்லுங்கள். மீடியம் (நடுத்தர வேக்காடு) வேண்டுமென்றால் மீடியம் ரேர் (அதைவிடச் சற்றுக் குறைந்த வேக்காடு). தட்டில் கடைசி நிமிடம் தானாக வெந்துவிடும், அடுப்பை அணைத்தபிறகும் கல்லிலேயே விட்டுவைத்த தோசை முறுகுவது போலத்தான். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். தட்டு வந்ததும் இறைச்சியைத் தூக்கி உருளைக்கிழங்கின்மேல் சாய்த்து வையுங்கள். இரும்பில் படாமல் இருந்தால் போதும்.

மேலே யாரும் லாரிஸ் பற்றிச் சொல்லவில்லை. ஆர்ச்சர்டில் பிரபலமான இடம் என்பதால் குறிப்பிடுகிறேன். வெள்ளி வண்டியில் மேசைக்கே கொண்டுவந்து வெட்டித் தருவார்கள். ஆனால் அது மெல்லிய சூட்டில் முழுதாக வாட்டிய விலா இறைச்சி. நெருப்பில் முறுகிய ஸ்டேக்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாணி (வியாழன், இரவு 8:10)

பில் விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஊரிலிருந்து வருபவர்கள் இதில்தான் திகைத்துப்போகிறார்கள். விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். 100 வெள்ளி 119.90 ஆகிவிடும். ஆக, உங்கள் 200 வெள்ளிக்குள் அடங்க வேண்டுமென்றால் பட்டியல் விலை 166 வெள்ளியைத் தாண்டக் கூடாது. உருளைக்கிழங்கு, கீரை, காளான் எல்லாம் ஸ்டேக் உணவகங்களில் பெரும்பாலும் தனி விலை. தண்ணீருக்குக்கூடச் சில இடங்களில் காசு. போத்தல் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வெறும் தண்ணீர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேவைக் கட்டணம் சேர்ந்திருப்பதால் தனியாக அன்பளிப்பு வைக்கத் தேவையில்லை.

கூடவே, குடும்பத்தில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் இருந்தால் தயங்காமல் அழைத்துப் போங்கள். என் மாமியார் எங்களோடு வருவார். வாட்டிய மீனோ ஆட்டு விலாவோ கோழியோ பெரும்பாலான இடங்களில் உண்டு. வேறு சட்டியில் சமைக்க முடியுமா என்று கேட்டால் பல இடங்களில் செய்து தருகிறார்கள்.

கோவைப் பயணி (வியாழன், இரவு 9:30)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஹியூபர்ஸில் இடம் பதிந்துவிட்டேன். உடை பற்றியும் கேட்டேன், எப்படியும் வரலாம் என்றார்கள். கடைசியாக ஒரு சந்தேகம். மனைவிக்கு இரத்தம் வழியும் இறைச்சி என்றால் பயம். நன்றாக வெந்ததே கேட்கலாமா?

மேசைக் கேப்டன் (வியாழன், இரவு 9:52)

அது இரத்தம் இல்லை, தம்பி. அறுக்கும்போதே இரத்தம் வடிந்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். சூடு கூடக்கூட அதன் சிவப்பு மங்கி, பழுப்பாகிவிடும்.

உங்கள் மனைவிக்கு மீடியம் சொல்லுங்கள். உள்ளே ஏறத்தாழ 60 டிகிரி, நடுவில் இளஞ்சிவப்பு மட்டும். மீடியம் ரேர் என்றால் 54 முதல் 57 டிகிரி. ரிப்ஐயில் கொழுப்பு அதிகம், அது இளகிக் கரைய மீடியமே நல்லது என்று சொல்லும் சமையல்காரர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். பகிர்ந்து சாப்பிடுவதால் இருவருக்கும் அதுவே பொருந்தும். 70 டிகிரிக்கு மேல் போனால் இவ்வளவு செலவழித்ததற்குப் பொருளில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதும் ஐந்து, பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் தர வேண்டும். தாமதம் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

கரிநெருப்பு (வியாழன், இரவு 10:05)

போகும் வழி: லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் ஸ்டீவன்ஸ், அங்கே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே நேப்பியர். அங்கிருந்து நடக்கலாம், கொஞ்சம் மேடு. மாலை ஐந்துக்கே புறப்பட்டால் பக்கத்திலுள்ள பூமலையில் (தாவரவியல் பூங்கா) ஒரு மணி நேரம் உலாவிவிட்டுப் போகலாம். டெம்ப்சி ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படைமுகாம். பின்னர் நம் தேசிய சேவையாளர்கள் பெயர் பதிந்த இடம். என் அப்பா அங்கேதான் தலைமயிரை இழக்கப் புறப்பட்டார். அந்தப் பழைய ஓட்டுக்கூரைக் கட்டடங்களை நின்று பாருங்கள்.

கோவைப் பயணி (ஞாயிறு, காலை 8:40)

போய்வந்தோம். அரைக்கால்சட்டையோடேயே போனேன். அடுத்த மேசையில் இருந்த அப்பா ரப்பர் செருப்பில் இருந்தார், மடியில் குழந்தை.

முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த இறைச்சியைப் பார்த்தோம். கொழுப்பு மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஓடியிருந்தது. கரிநெருப்பு சொன்னபடி பெரிய ரிப்ஐ ஒன்றே ஒன்று, மீடியம், இருவருக்கும் பகிர்ந்து. விளிம்புக் கொழுப்பு முறுகிப் பொன்னிறமாக இருந்தது. கத்தி வைத்ததும் மேல்தோல் 'மொறுக்' என்று விட்டுக்கொடுத்தது. உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை ஒரே இளஞ்சிவப்பு. உப்பும் மிளகும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. பயந்துகொண்டிருந்த மனைவிதான் எலும்பை ஒட்டிய துண்டைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். வாணி அக்காவின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னதால் 200 வெள்ளிக்குள் முடிந்தது.

நாளை இரவு விமானம். நண்பகலில் மைந்தன் சொன்ன ஷாஷ்லிக்குக்குப் போகலாமா என்று மனைவி கேட்கிறார். தீமூட்டும் இனிப்பைப் பார்க்க வேண்டுமாம்.

ஈப்போ மைந்தன் (ஞாயிறு, காலை 9:05)

அவசியம் போங்கள். ஆர்ச்சர்ட் எம்ஆர்டியில் இறங்கி ஃபார் ஈஸ்ட் ஷாப்பிங் சென்டர். பெயரில் ஏமாந்து ஸ்காட்ஸ் சாலையிலுள்ள ஃபார் ஈஸ்ட் பிளாசாவுக்குப் போய்விடாதீர்கள், அது வேறு கட்டடம். உணவகம் ஆறாம் தளத்தில். திங்கள்கிழமை திறந்திருக்கிறதா என்று இன்றே அழைத்துக் கேட்டு இடம் பதியுங்கள். முதலில் போர்ஷ்ட், பிறகு எது வேண்டுமானாலும். பேக்ட் அலாஸ்கா வேண்டும் என்பதைச் சாப்பாடு சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.